விருப்பப் பயிற்சி

டோலிவர் பல்கலைக்கழகத்தில் கோடையில் நடக்கும் பயிற்சிக்கு விருப்பப் பயிற்சி என்று பெயர். விருப்பமுள்ளவர்கள் வரலாம், இல்லாதவர்கள் வீட்டில் இருக்கலாம் என்பது விதி. யார் யாருக்கு விருப்பம் இருக்கிறது என்பதைக் கோச் ஸ்டப்ஸ் விடியற்காலையில் வாசலில் நின்று, பெயர் கூப்பிட்டுத் தெரிந்துகொள்வார். விருப்பம் இல்லாமல் போனவர்கள் மறுநாள் மைதானத்துப் படிக்கட்டில் மேலும் கீழுமாக ஓடி, வாந்தி எடுத்து, விருப்பத்தை வரவழைத்துக்கொள்வார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் விருப்பம் இல்லாத ஆள் யாரும் இருந்ததாக நினைவில்லை.

நான் அந்த அணியின் உதைப்பவன். பெயர்தான் கால்பந்து, எங்கள் நாட்டில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதைக் காலால் தொடுகிற ஒரே ஆள் நான். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அதனால் எல்லாவற்றையும் பார்க்க வசதி இருந்தது, வயிறு எரியவும் நேரம் இருந்தது. அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். யார் வைத்ததோ, விஷயம் தெரிந்த ஆள்தான் வைத்திருக்க வேண்டும்.

கோச் ஸ்டப்ஸுக்கு உலகத்தில் ஒரே வாக்கியம்தான் தெரியும். "உன் வேலையப் பாரு." பந்தை நழுவவிட்டவனுக்கும் அதுதான், நன்றாக ஆடியவனுக்கும் அதுதான். ஒருவனுடைய அப்பா இறந்துபோன செய்தி வந்தபோதும் தோளில் கைவைத்து அதையே சொன்னார். அன்று குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. உடைமாற்றும் அறையின் வாசலுக்கு மேலே அதே வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மைதானத்துக்குப் போகும்போது ஒவ்வொருவரும் எம்பி அதைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தட்டாமல் போனால் தோற்போம் என்பது ஐதீகம். தட்டிவிட்டுப் போயும் நிறையத் தோற்றிருக்கிறோம்.

எஸல் திக்பென் என் அறைத்தோழன். மிசிசிப்பி டெல்டாவில் ஒரு பெட்ரோல் பங்கும் இரண்டு தேவாலயமும் மட்டும் இருக்கிற ஊர்க்காரன். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். அந்தப் பழக்கத்தில் மனிதர்களிடமும் கொஞ்சம் குனிந்தே நிற்பான். பஸ் டிரைவரைக்கூட சார் என்பான். அணியில் அவன் முன்வரிசைத் தடுப்பாளன். பந்து வைத்திருப்பவனை அடிக்க வருகிறவர்களைத் தன் உடம்பால் மோதி நிறுத்த வேண்டும். பந்தை அவன் தொட்டதே கிடையாது. டிவிக்காரர்கள் அவன் பெயரைச் சொன்னதும் கிடையாது. சனிக்கிழமைதோறும் ஊரே திரண்டு டிக்கெட் வாங்கி வந்து பார்த்தது அவனுடைய முதுகைத்தான்.

ஜூலையில் ஒரு நாள், தார் உருகுகிற வெயிலில், எல்லோரும் விருப்பத்தோடு பயிற்சி செய்துகொண்டிருந்தோம். இரண்டு பேர் எஸலின் வலது காலின்மேல் விழுந்தார்கள். காய்ந்த சுள்ளியை முறித்த மாதிரி சத்தம், ஓரத்தில் இருந்த எனக்கே கேட்டது. கோச் வந்து மேலே நின்று பார்த்தார். "எந்திரி மகனே. உன் வேலையப் பாரு" என்றார். எஸல் "சரி கோச்" என்று எழுந்து வேலையைப் பார்த்தான். முழங்காலுக்குள் முதல் தடவை கிழியாமல் மிச்சமிருந்த தசைநாரும் இந்தத் தடவை கிழிந்தது.

மூட்டு டாக்டர் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குள் அறுவை செய்தால் பழையபடி நடக்கலாம், தள்ளிப்போட்டால் காலமெல்லாம் கம்பு ஊன்ற வேண்டியதுதான் என்றார். பல்கலைக்கழகம் வருத்தப்பட்டது. ஆனால் அணியின் மருத்துவ நிதி அதிகாரப்பூர்வமான பயிற்சியில் அடிபட்டவர்களுக்கு மட்டுமாம். விருப்பப் பயிற்சி அதிகாரப்பூர்வமானது இல்லை. ஆகவே எஸல் தன் சொந்த விருப்பத்தில் வெயிலில் போய் நின்று அடிபட்டுக்கொண்டான் என்று ஆயிற்று. ஆகஸ்டில் உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். ஓட முடியாதவனுக்குக் கொடுத்தால் ஓடுகிறவனுக்கு எதைக் கொடுப்பது என்று அன்பாக எடுத்துச் சொன்னார்கள். அறையை மட்டும் வருடக் கடைசிவரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கட்டிலை அவன் நீளத்துக்கென்று செய்திருந்ததால் வேறு யாருக்கும் உதவாது.

எஸலின் அம்மா வெர்லீன் கோழி ஆலையில் வரிசையில் நின்று இறக்கை வெட்டுகிறவர். அவருடைய காப்பீடு அவருடைய விரல்களுக்கு மட்டும்தான், மகனின் முழங்காலுக்கு எட்டாது. போனில் அவர் பேசியது பக்கத்துக் கட்டிலில் இருந்த எனக்கும் கேட்டது.

"வேலையில அடிபட்டா வேல குடுத்தவன் பாக்கணும். எங்க ஆலையில எல்லாரையும் கோழி மாதிரிதான் நடத்துறான், அவனே பாக்குறான். நீ என்னடா, கோழி ஆலைய விட மோசமான எடத்துலயா இருக்க?"

"இது வேல இல்லங்கிறாங்கம்மா."

"அப்ப எதுக்குடா விடியக்காலையில பேரு கூப்புடுறான்?"

எஸலுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்று நினைத்தான், அவன் சுபாவம் அப்படி. நானும் அந்த அணிக்கு வேலை பார்த்தவன், வேலையில் அடிபட்டேன், தயவுசெய்து காலைப் பார்க்கவும் என்று பல்கலைக்கழகக் குறைதீர்க்கும் குழுவிடம் போய்ச் சொன்னான். தேன்கூட்டில் கல் விட்டெறிந்தது போல் ஆகிவிட்டது.

மறுவாரமே மிஸ் வைட்லோ எங்கள் உடைமாற்றும் அறைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் வக்கீல். வியர்வை நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே நின்றார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நீங்கள்ளாம் எங்க குடும்பம்" என்றார். "குடும்பத்துல யாராவது வேல பாப்பாங்களா? வீட்டுல அம்மா சமைக்கிறாங்க, அது வேலையா? அன்பு. நீங்க மோதிக்கிறதும் அதே அன்புதான். இத்தன நாளா அந்த அன்புக்குத் தப்பான பேரு வச்சுக் கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்கோம். அதனாலதான் ஒரு பையன் கொழம்பிட்டான், பாவம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். அன்று முதல் அணியில் யாரும் வேலை என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று. அதற்குப் பதிலாக விருப்பம் என்று சொல்ல வேண்டும். ஒரு பெயிண்டர் வந்து வாசலுக்கு மேலே இருந்ததை அழித்துவிட்டு 'உன் விருப்பத்தைப் பார்' என்று எழுதினார். மைதானத்தில் புல் வெட்டுகிற பெரியவர் குழம்பிப்போய், நான் இனிமேல் என்னவென்று சொல்வது என்று கேட்டார். நீங்கள் சம்பளம் வாங்குவதால் வேலை என்றே சொல்லிக்கொள்ளலாம் என்று அவருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். ஒரே புல்தரை, அதை வெட்டுவது வேலை, அதில் விழுந்து கால் உடைவது அன்பு.

கோச்சின் பாடுதான் பரிதாபம். மறுநாள் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஓரத்தில் மிஸ் வைட்லோ மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "விருப்பப்படு" என்றார் கோச், மெல்லிய குரலில். அரைமணி நேரத்தில் பழகிவிட்டது. "இன்னும் பலமா விருப்பப்படுடா, உங்கப்பன் இப்பிடியா விருப்பப்பட்டான்" என்று கத்த ஆரம்பித்தார். ஒருவன் மட்டும் எழுதியிருந்ததை நம்பி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டான். கேட்டதற்கு, என் விருப்பத்தைப் பார்க்கிறேன் கோச் என்றான். வக்கீல் இருந்ததால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் படிக்கட்டில் அவனுக்கு விருப்பம் திரும்பி வந்தது.

செப்டம்பரில் விசாரணை நடந்தது. குழுவின் தலைவர் பொமராய், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், பஞ்சு போன்ற தலைமுடி, யாரிடமும் கோபமாகப் பேசத் தெரியாதவர். வெர்லீன் ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியோடு வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். எஸல் காலை நீட்டி வைக்க இடம் போதாமல், இரண்டு ஊன்றுகோலையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நான் பின்வரிசையில் இருந்தேன்.

பொமராய் அன்பாக ஆரம்பித்தார். "தம்பி, ஊழியர்னா யாரு? கூலி வாங்குறவரு. நாங்க உனக்கு எப்பவாவது கூலி குடுத்திருக்கோமா?"

"இல்ல சார்."

"அப்ப நீ எப்பிடி ஊழியர் ஆவ?"

"குடுக்கலங்கிறதுதான சார் கொறையே" என்றார் வெர்லீன்.

"அதத்தான் மேடம் நாங்களும் சொல்றோம். குடுக்கல. முழுசா ஒத்துக்குறோம்."

அடுத்து கோச்சைக் கூப்பிட்டார்கள். கவர்னரைவிட அதிகம் சம்பளம் வாங்குகிறவர், அன்று கழுத்தில் டை கட்டியிருந்தார். நீங்கள் ஊழியர்தானே என்று பொமராய் கேட்டார். ஆமாம் என்றார். உங்கள் வேலை என்ன என்று கேட்டார். "இவங்க ஆடுறதப் பாக்குறது" என்றார். வருகிறவர்களுக்கு நீங்கள் உத்தரவு போடுவதுண்டா என்ற கேள்விக்கு, நான் ஆசையைத்தான் சொல்வேன், அதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றார். கேட்காவிட்டால்? "அப்பிடி யாரும் இதுவரைக்கும் இருந்ததில்ல சார். அவ்வளவு விருப்பமான பசங்க" என்று சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்றார்கள்.

வெர்லீன் கை தூக்கினார். எங்கள் அணிக்கு ஜெனரல் என்று ஒரு நிஜமான கோவேறு கழுதை உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் அலங்காரம் செய்து மைதானத்தைச் சுற்றி நடத்திவருவார்கள்.

"போன வருசம் அந்தக் கழுதைக்குக் கால் குளம்பு வீங்குச்சு. எங்க ஊரு பேப்பர்லயே போட்டான். பெரிய பெரிய டாக்டருங்கள்ளாம் வந்து பாத்தாங்க. எம்புள்ளைக்கு ஏன் சார் வரல?"

மிஸ் வைட்லோ எழுந்தார். "அது பல்கலைக்கழகத்தோட சொத்து மேடம். சொத்தப் பராமரிக்கிறது எங்க கடமை. உங்க மகனச் சொத்துன்னு சொல்ல எங்க மனச்சாட்சி எடம் குடுக்காது. அந்தக் காலமெல்லாம் போயிருச்சு."

வெர்லீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா அதே டெல்டாவில் அடிமையாக, ஒருவருடைய சொத்தாக இருந்தவர். அவருக்குக் கால் ஒடிந்தபோது முதலாளி ஆள் வைத்து வைத்தியம் பார்த்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பெருமையாக யாரும் சொல்வதில்லை. எஸல் என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

ஊழியருக்குக் கொடுக்க வேண்டியதை மாணவருக்குக் கொடுக்க முடியாது என்று பொமராய் தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து எஸலின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசு விட்டுறாத தம்பி. ஊழியருக்குள்ள சலுகை வேணும்னா ஊழியராச் சேந்துக்க. யாரு வேணாம்னா? மைதானத்தக் கூட்ட ஆளு தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். மனுஷன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எஸல் சேர்ந்தான். ஊன்றுகோலை விட்டுவிட்டு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போய், காலில் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சேர்ந்தான். முதுகில் ஊழியர் என்று எழுதிய சட்டை கொடுத்தார்கள். வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று சேர்த்துக்கொண்டவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை அவன் இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் சொன்னான்.

"கீழ விழுந்தாப் போதும்டா."

"ஏற்கெனவே ஒடஞ்ச கால இன்னொரு தடவ ஒடைக்கப் போறியா?"

"ஒடைக்கல. காட்டப் போறேன்."

"அது பொய்டா எஸல்."

"அடிபட்டது பொய்யா?"

முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவன், வேறு வழியே தெரியாமல் என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி பார்த்தான். எனக்கு அழுகையாக வந்தது. சரி, நான் கூட வருகிறேன் என்றேன்.

ஆட்டம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானத்தில் யாரும் இல்லை. இருக்கைகளுக்கு அடியில் வேர்க்கடலைத் தோலும் நசுங்கிய தாள் கோப்பைகளுமாகக் கிடந்தன. எஸல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் உச்சியில் போய் நின்றான். நான் இரண்டு படி தள்ளி நின்றேன். கீழே பார்த்தான். உதடு அசைந்தது, ஜெபம் செய்தான் போலிருக்கிறது. ரொம்ப நேரம் நின்றான். பிறகு இருக்கையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"முடியலடா. எங்கம்மா என்ன அப்பிடி வளக்கல."

"விடு. வேற ஏதாவது பாக்கலாம்" என்றேன். பார்க்க வேறு எதுவும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டிவிட்டாவது போவோம் என்று எழுந்தான். துடைப்பத்தை எடுத்தான். விழுந்தான். அவ்வளவு பெரிய உடம்பு படியில் உருண்டு கீழே கம்பியில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கால் தானாக மடங்கியதா, கடைசி நொடியில் மனதை மாற்றிக்கொண்டானா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. அவனைக் கேட்டதும் இல்லை.

இரண்டாம் விசாரணை டிசம்பரில் வந்தது. அதே மண்டபம், அதே பொமராய், அதே தொப்பியில் வெர்லீன். வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தடவை மிஸ் வைட்லோவுக்கு உண்மையின் மேல் அளவுகடந்த ஆசை வந்துவிட்டது. இந்த முழங்கால் படிக்கட்டில் கிழியவில்லை, ஜூலையிலேயே கிழிந்தது என்று அவர் ஒவ்வொரு ஆதாரமாக எடுத்து வைத்தார். முதல் விசாரணையில் இல்லை என்று சொல்லப்பட்ட பயிற்சிப் படம் இப்போது இருந்தது. திரையில் எஸல் விழுந்தான். கோச்சின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "எந்திரி மகனே. உன் வேலையப் பாரு."

கோச்சும் சாட்சி சொன்னார். மாதக்கணக்கில் அடக்கிவைத்த சொல்லைச் சொல்ல அனுமதி கிடைத்ததில் அவர் முகமே மலர்ந்திருந்தது. "வராம இருக்க முடியாது சார், வந்தே ஆகணும். நான்தான் எழுப்பி விட்டேன். கால் போயிருச்சுன்னு பாத்ததுமே தெரியும். இருந்தாலும் வேலன்னா வேலதான? மாடு மாதிரி ஒழைப்பான் சார் அவன்" என்றார்.

பொமராய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பன்னா, இந்தப் பையன் ஜூலையில அங்க வேல பாத்துக்கிட்டு இருந்தான்னு..." என்று இழுத்தார்.

நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். வெர்லீன் மகனின் கையைப் பிடித்தார்.

"ஜூலையில அவரு மாணவர் சார்" என்றார் மிஸ் வைட்லோ. "அத இந்தக் குழுவே தீர்ப்பாச் சொல்லியிருக்கு. இப்ப அவரு ஊழியர். மாணவரோட முழங்காலுக்கு ஊழியருக்கு எப்பிடிக் குடுக்குறது?"

பொமராய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகம் தெளிந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை யாரும் சொன்னதில்லை என்று பாராட்டினார். குழுவில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். காலைப் பற்றி நேர்காணலில் மறைத்ததற்காக எஸலை வேலையிலிருந்து நீக்குவதாகவும், பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மையால் வழக்குப் போடாமல் விடுவதாகவும் தீர்ப்பு வந்தது. உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா தம்பி என்றார் பொமராய்.

எஸல் இருக்கையின் கையைப் பிடித்து எழுந்து நின்றான். வழக்கம்போலக் கொஞ்சம் குனிந்து நின்றான்.

"மாணவனா வந்தப்ப, ஊழியனோட காலா இருந்தாத்தான் பாப்போம்னு சொன்னீங்க சார். ஊழியனா வந்தா மாணவனோடதுங்கிறீங்க. அப்ப இந்தக் கால் யாரோடது?"

கிண்டல் இல்லை. அவனுக்குக் கிண்டல் வராது. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டான், அவ்வளவுதான். பொமராய் இரண்டு பக்கமும் திரும்பிக் குழுவோடு மெதுவாகப் பேசினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நல்ல செய்தி சொல்லப்போகிறவரின் சந்தோஷம் இருந்தது.

"நல்ல கேள்வி தம்பி. இதுல எந்தச் சிக்கலும் இல்ல. பல்கலைக்கழகத்துக்கு அதுல ஒரு உரிமையும் கெடையாது. அது முழுக்க முழுக்க ஒன்னோடதுதான். நீ தாராளமா வீட்டுக்குக் கொண்டு போகலாம்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வெர்லீன் பழைய காரை வாசலோரம் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்தார். நான் எஸலின் முதுகைத் தாங்கி உள்ளே தள்ளினேன். அவர் தொப்பியைக் கழற்றி முன்சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி சீட்டில் நீளமாக வைத்தார். ஜூலையிலிருந்து ஒருதடவைகூட வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லாதவன், அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"மெதுவாம்மா" என்றான்.